ஸர் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டான்லி: வாழ்க்கையும் உத்தியோகமும்

(ஐக்கிய சங்கங்களின் படிப்பு வட்டங்களுக்கு உரிய பாடம்)

சேலம் ஜில்லாவிலே சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டைச் சூழ்ந்து வாழவந்தி முதலிய மலைக்கிராமங்கள் இருக்கின்றன. வானம் தெளிந்திருக்கும் நாளில் இம்மலையின் மேற்கு விளிம்பில் நின்று நோக்குவோருக்கு வெகு தூரத்தில் வெள்ளித் தகடுபோல் ஒரு நீர்ப்பரப்புத் தென்படும். அதுவே மேட்டூர் நீர்த்தேக்கம். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அதற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். இப்பெயருக்கு உரியவர் யார், அவர் எங்கிருந்து வந்தார், எவருடைய சம்மதத்தினால் அதிகாரம் பெற்றார், அவ்வதிகாரத்தை எவ்வாறு செலுத்தினார் என்பவற்றை அறிந்துகொள்ளுதல் சங்க அங்கத்தினர்களுக்குப் பயன் தரும். ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் பொறுப்பை ஒப்புவிப்பதும், அவர் சரியாய் நடவாவிடில் இறக்கிவிடுவதும் ஐக்கிய சங்கத்தின் உயிர் போன்ற காரியங்கள். ஸ்டான்லியின் சரித்திரம் அந்த விஷயத்தைப் பற்றியே பல பாடங்களைக் கூறுகின்றது.

1. குலமும் இளமையும்

ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டான்லி 1872-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் என்னும் ஜில்லாவில் டார்பி பிரபுக்கள் என்னும் வம்சத்தார் தலைமுறை தலைமுறையாகப் பெரும் நிலச்சுவான்தார்களாக இருந்து வந்தனர். ஸ்டான்லி அந்த வம்சத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார், பதினான்காவது டார்பி பிரபு, மூன்று தடவை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்தவர். அவர் இரண்டாம் முறை பிரதம மந்திரியாயிருந்த 1858-ம் வருஷத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி நீங்கி, இந்தியா நேராக இங்கிலாந்து முடியின் கீழ் வந்தது. அப்போது இந்தியாவுக்கென ஏற்பட்ட மந்திரி பதவியில் முதன் முதலாக அமர்ந்தவர் அப்பிரபுவின் மூத்த குமாரர். அவர் நமது ஸ்டான்லிக்குப் பெரிய தகப்பனார் ஆவார். ஸ்டான்லியின் தகப்பனாரோ கானடா தேசத்தில் 1888 முதல் 1893 வரையில் கவர்னர் ஜெனரலாயிருந்தார். அத்தேசத்தில் பனிக்கட்டிமேல் ஆடப்படும் ஹாக்கிப் பந்தயத்துக்கு அவர் அளித்த கோப்பை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இத்தகைய வீட்டில் பிறந்த ஸ்டான்லி பீரங்கிப் படையில் உத்தியோகஸ்தரானார். தென் ஆப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்திலும், பின்னர் 1914-ல் மூண்ட மகா யுத்தத்திலும் சேவை செய்தார். 1903-ல் அவருக்கு விவாகம் நடந்தது. அவருடைய மனைவி லேடி பீட்ரிக்ஸ். நாற்பது வயதை அடையுமுன்பே அவர் அரசியலில் பிரவேசித்தார்.

2. பிரெஸ்டன் ஊரின் பிரதிநிதி

லங்காஷயரில் பிரெஸ்டன் என்பது அக்காலத்தில் நூல் ஆலைகளும் நெசவு ஆலைகளும் நிறைந்த ஊராயிருந்தது. நூற்பு யந்திரத்தால் புகழ் பெற்ற ஆர்க்ரைட் என்பவர் பிறந்ததும் அங்கேதான். லங்காஷயர் ஆலைகளில் நெய்த துணி கப்பலேறி இந்தியாவுக்கு வந்து மலிவாக விற்றதனால் நமது கைத்தறிக்காரர் எவ்வளவு நலிந்தனர் என்பதைச் சேலத்து நெசவாளர் நன்கு அறிவர். ஆயினும் அந்த லங்காஷயரிலேயே ராச்டேல் என்னும் ஊரில் ஏழை நெசவாளர் முதலானோர் 1844-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஒரு சிறு கடை திறந்து, ஐக்கிய இயக்கத்துக்கு அடிகோலினர் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஒருவருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றே என்பது அவர்கள் வகுத்த விதி. பெண்களும் அதில் அங்கத்தினராகலாம்.

பார்லிமெண்டிலோ அவ்விதி வருவதற்கு வெகு காலம் சென்றது. 1910-ம் வருஷம் ஜனவரி மாதம் நடந்த பொதுத் தேர்தலில் ஸ்டான்லி கன்ஸர்வேடிவ் கட்சியின் சார்பாகப் பிரெஸ்டனில் நின்று ஜெயித்து, காமன்ஸ் சபையில் அங்கத்தினரானார். அக்காலத்தில் இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. ஆண்களிலும் எல்லோருக்கும் இல்லை. 1918-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் வயது வந்த ஆண்கள் யாவரும், முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிற் பெரும்பாலோரும் ஓட்டுரிமை பெற்றனர். 1928-ல் பெண்களுக்கும் ஆண்களோடு சமமான உரிமை கிடைத்தது.

பிரெஸ்டன் ஊருக்குப் பார்லிமெண்டில் இரண்டு ஸ்தானங்கள் இருந்தன. 1918-ல் நடந்த தேர்தலில் ஒரு ஸ்தானம் ஸ்டான்லிக்கும், மற்றொன்று தொழிற் கட்சியைச் சேர்ந்த டாம் ஷா என்பவருக்கும் கிடைத்தன. இவ்விருவரையும் ஒருங்கே வைத்து நோக்குதல் நலம். டாம் ஷாவும் 1872-ம் வருஷத்திலேயே, லங்காஷயரிலேயே பிறந்தவர். ஆனால் அவர் பத்தாம் வயதிலேயே நெசவாலையில் வேலைக்குச் சென்றவர். தொழிலாளர் சங்கத்தில் உழைத்து முன்னுக்கு வந்தவர். பிரபு வம்சத்துப் பிள்ளையும் ஆலைக் கூலியாயிருந்த பிள்ளையும் ஒரே ஊராரின் ஓட்டினால் ஒரே சபையில் சம அந்தஸ்துடன் உட்கார்ந்தனர். டாம் ஷா பின்னர் 1924-ல் தொழில் மந்திரியாகவும், 1929 முதல் 1931 வரையில் யுத்த மந்திரியாகவும் விளங்கினார்.

3. இரண்டு தோல்விகள்

ஸ்டான்லி 1919-ல் அரண்மனை சம்பந்தமான ஒரு கௌரவ உத்தியோகமும், 1921-ல் யுத்த இலாகாவில் பொக்கிஷக் காரியதரிசிப் பதவியும் பெற்றார். 1922-ல் உள்நாட்டு இலாகாவின் உப மந்திரியானார். இவ்வாறு படிப்படியாக உயர்ந்து வரும்போதே அவருக்கு இடறல் நேர்ந்தது. 1922-ம் வருஷம் நவம்பர் மாதம் நடந்த பொதுத் தேர்தலில் பிரெஸ்டன் வாசிகள் அவரைத் தோற்கடித்தனர். டாம் ஷா தம் ஸ்தானத்தை விடாமல் பெற்றார். ஸ்டான்லியின் ஸ்தானம் லிபரல் கட்சியாருக்குப் போயிற்று. அவருடைய பாட்டனாரும் வாலிபத்தில் இதே பிரெஸ்டனுக்குப் பிரதிநிதியாயிருந்து, 1830-ல் இதே ஊராரால் தோற்கடிக்கப்பட்டவர். தம் ஜில்லாவில் எத்தனை காணி பூமி ஒருவருக்கு இருந்தபோதிலும், ஓட்டுப் பெட்டியின் முன் அது செல்லாமற் போகும் என்பதற்கு ஒரே வம்சத்தில் இரண்டு சாட்சிகள் கிடைத்தன.

பார்லிமெண்டில் ஸ்தானம் இல்லாதவர் மந்திரி சபையில் நெடுநாள் இருத்தல் அந்நாட்டு வழக்கத்துக்கு ஒவ்வாது. ஆகவே லண்டனை அடுத்த வில்ஸ்டன் கிழக்கு என்னும் தொகுதியில் ஸ்டான்லிக்கென ஒரு ஸ்தானம் காலி செய்யப்பட்டது. அங்கே 1923-ம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி உபதேர்தல் நடந்தது. அக்காலத்தில் குடக்கூலிப் பிரச்னை ஜனங்களை மிகவும் வருத்திக்கொண்டிருந்தது. யுத்த காலத்தில் 1915-ல் ஏற்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் தளர்த்திவிடுவர் என்ற பயம் குடியிருப்போர் மனத்தில் குடிகொண்டது. அதன் பயனாக ஸ்டான்லி மீண்டும் தோல்வியுற்றார். அதே நாளில் மிச்சம் என்னும் தொகுதியில் சுகாதார மந்திரியே தோற்றார். சில நாட்களுக்குள் லிவர்பூலில் இன்னொரு பதவியாளரும் தோற்றார். ஸ்டான்லி உப மந்திரிப் பதவியை விட்டு நீங்கினார்.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், தோற்கடித்த ஜனங்களை அவர் பழிக்கவும் இல்லை, அரசியலை வெறுத்துப் போகவும் இல்லை. தம்மை நிராகரித்த அதே வில்ஸ்டன் கிழக்குத் தொகுதியில் 1924-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் மறுபடியும் நின்று ஜெயித்தார். அதன் பின் 1929 வரையில் பென்ஷன் இலாகாவில் பார்லிமெண்டரிக் காரியதரிசியாயிருந்தார். மகா யுத்தத்தில் அங்கஹீனமடைந்த சிப்பாய்கள், புருஷனை இழந்த ஸ்திரீகள், தகப்பனை இழந்த குழந்தைகள் ஆகியோரின் உபகாரச் சம்பளத்தைக் கவனிப்பது அவ்விலாகாவின் வேலை.

4. சென்னை ராஜதானிக்கு வருகை

1929-ம் வருஷம் நவம்பர் மாதம் ஸ்டான்லி சென்னை ராஜதானியின் கவர்னராகப் பதவி ஏற்றார். சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று ராஜதானிகளுக்கும் இங்கிலாந்தின் பொது வாழ்க்கையில் இருந்தவர்களையே கவர்னராக அனுப்புதல் அக்காலத்து வழக்கம். சென்னையில் அடுத்தடுத்து ஆண்ட வில்லிங்டன், கோஷன், ஸ்டான்லி, எர்ஸ்கின் ஆகிய நால்வரும் முன்னாளில் காமன்ஸ் சபை அங்கத்தினர்களே.

இவ்விடத்தில் ஒரு பெரிய வித்தியாசம் புலப்படும். இங்கிலாந்தில் இரண்டு தொகுதிகளின் வாக்காளர் ஸ்டான்லியை இரண்டு தடவை தோற்கடித்தனர். சென்னை ராஜதானியில் கோடிக்கணக்கான ஜனங்கள் இருந்தும், அவரை ஏற்றவோ இறக்கவோ ஒருவருக்கும் உரிமை இல்லை. அக்காலத்து அரசியல் அமைப்புக்கு இரட்டை ஆட்சி என்று பெயர். கல்வி, ஸ்தல ஸ்தாபனம், விவசாயம், ஐக்கிய இயக்கம் முதலிய இலாகாக்கள் சட்டசபைக்குப் பொறுப்புள்ள மந்திரிகளிடம் இருந்தன. நிலவரி, நீர்ப்பாசனம், பொக்கிஷம், போலீஸ் ஆகியவை கவர்னரும் அவருடைய நிர்வாக சபையாரும் நடத்தும் ஒதுக்கப்பட்ட இலாகாக்களாக இருந்தன. சட்டசபைக்கு ஓட்டுப் போடும் உரிமையும் சொத்து, வரி ஆகியவற்றைப் பொறுத்து ஒரு சிறு பகுதியாருக்கே இருந்தது. கிஸ்தி கட்டும் குடியானவன் தன் கிஸ்தியை நிர்ணயிப்பவரை இறக்க முடியாதவனாகவே இருந்தான்.

5. உப்பும் துணியும்

ஸ்டான்லி வந்து ஆறு மாதம் ஆவதற்குள் உப்புச் சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியார் தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யத்துக்கு நடந்தார். அங்கே உப்பு எடுத்து அம்மாதம் 30-ந் தேதி கைதியானார். அவர் சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர். 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானவர். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆச்ரமம் அமைத்துக் கதரும் மதுவிலக்கும் கிராமத் தொண்டும் வளர்த்தவர். அந்நியத் துணி பகிஷ்காரமும் அப்போது தீவிரமாய் நடந்தது. துணி ஆலைகள் நிறைந்த பிரெஸ்டனுக்குப் பன்னிரண்டு வருஷம் பிரதிநிதியாயிருந்தவர், துணி பகிஷ்காரம் நடக்கும் ராஜதானியை ஆண்டார் என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

ஸ்டான்லியின் சர்க்கார் இவ்வியக்கத்தைக் கண்டிப்பாக அடக்கியது. தடியடியும் சிறைத் தண்டனையும் சாதாரணமாயின. 1932-ம் வருஷம் ஜனவரி மாதம் திருப்பூரில் கொடி பிடித்து ஊர்வலம் சென்ற குமாரன் என்னும் வாலிபர் போலீஸார் அடித்த அடியினால் 11-ந் தேதி உயிர் நீத்தார். கவர்னரின் நற்காரியங்களைக் கூறும் எவரும் இதனை மறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. போலீஸ் இலாகா அவருடைய பொறுப்பில் இருந்தது. அன்று சிறை சென்ற ராஜகோபாலாச்சாரியாரோ 1937-ல் சென்னையின் பிரதம மந்திரியாகவும், 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார்.

6. விலைவீழ்ச்சியும் விவசாயக் கடனும்

1929-ல் உலகமெங்கும் தொடங்கிய வியாபார மந்தம் கிராமங்களைத் தாக்கிற்று. சில வருஷங்களுக்குள் நெல்லின் விலை ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது. கடன் பத்திரத்தில் எழுதிய தொகையும் சர்க்கார் கிஸ்தியும் குறையவில்லை. நூறு ரூபாய் கடனை அடைக்க முன்பு விற்ற நெல்லைப்போல் இரட்டிப்பு நெல் விற்க வேண்டியதாயிற்று. குடியானவன் சோம்பேறியானதாலன்று, விலை விழுந்ததாலேயே அவன் கடன் கனத்தது. ஐக்கிய நாணய சங்கங்களிலும் தவணை தவறிய பாக்கிகள் மலைபோல் ஏறின. பல சங்கங்கள் கலைக்கப்பட்டன.

இக்காலத்தில்தான் ஐக்கிய இயக்கத்துக்குரிய இரண்டு முக்கியமான ஏற்பாடுகள் நடந்தன. ஒன்று, நெடுங்காலக் கடன் கொடுப்பதற்காக 1929-ல் சென்னையில் ஏற்பட்ட மத்திய நில அடமான பாங்கி. குறுகிய தவணையில் வாங்கிய பணத்தைக் கிணறு வெட்டவும் பழங்கடன் தீர்க்கவும் செலவிட்டால் தவணையில் திருப்ப இயலாது. அதற்கு நிலத்தின் ஈட்டின் பேரில் பல வருஷத் தவணையில் கடன் வேண்டும் என்பது அதன் தத்துவம். இவ்வகை பாங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் 1934-ல் வந்தது. மற்றொன்று, 1932-ம் வருஷத்துச் சென்னை ஐக்கிய சங்கங்கள் சட்டம். 1904, 1912 ஆகிய வருஷங்களின் அகில இந்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நமது ராஜதானிக்கென்றே ஏற்பட்ட சட்டம் அது. சரியாய் வேலை செய்யாத பஞ்சாயத்தாரை நீக்கிச் சங்கத்தை வேறொருவர் பொறுப்பில் விடும் அதிகாரம் அதன் மூலம் ரிஜிஸ்திராருக்குக் கிடைத்தது. பிற்பாடு வந்த 1961, 1983 ஆகிய வருஷங்களின் சட்டங்களிலும் இவ்வகை அதிகாரம் தொடர்ந்தது.

இவற்றை ஸ்டான்லியே செய்தார் என்று எண்ணுதல் கூடாது. ஐக்கிய இயக்கம் மந்திரிகளின் இலாகா. சட்டம் இயற்றியது சட்டசபை. அவருடைய ஆட்சிக் காலத்தில் நடந்தவை என்பதே சரி. விவசாயிகளின் கடனைக் குறைக்கும் சட்டம், ஓட்டுரிமை விரிந்து மந்திரிகளுக்கு அதிக அதிகாரம் வந்த பிறகு, 1938-ல் ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரி சபை காலத்தில்தான் நிறைவேறிற்று. ஜனங்களுக்குப் பொறுப்பான சர்க்காருக்கும் அல்லாத சர்க்காருக்கும் உள்ள பேதத்தை இதிலிருந்து ஊகிக்கலாம்.

7. மேட்டூர் அணை

ஸ்டான்லியின் பெயரை நிலைநிறுத்தியது மேட்டூர் அணை. இதன் வரலாற்றைச் சிறிது விரிவாக அறிதல் வேண்டும். காவேரியில் ஆடி ஆவணி மாதங்களில் பெருகும் வெள்ளம் வீணே கடலில் சேர்வதையும், தஞ்சாவூர் ஜில்லா சில வருஷம் வெள்ளத்தாலும் சில வருஷம் வறட்சியாலும் கெடுவதையும் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் வெகு காலமாக இருந்து வந்தது. 1910-ல் கர்னல் எல்லிஸ் என்னும் இஞ்சினீயர் விரிவான திட்டம் வகுத்தார். மைசூர் சமஸ்தானத்தோடு நீர்ப் பங்கீட்டைப் பற்றிய விவாதம் நீண்டு, 1924-ம் வருஷம் பிப்ரவரி மாதம் உடன்படிக்கை ஏற்பட்டது. நிர்வாக சபையில் அப்போது அங்கத்தினராயிருந்த ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் இத்திட்டத்தை ஊக்கத்துடன் முன்னேற்றினார். கோஷன் பிரபு கவர்னராயிருந்த 1925-ம் வருஷம் ஜூலை மாதம் வேலை தொடங்கிற்று. ஒன்பது வருஷம் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் உழைத்தனர். 1934-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரைப் பெற்றது.

அணையின் நீளம் சுமார் 5,300 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு மைல். நீர் தேக்கும் உயரம் 120 அடி. கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. பழைய தஞ்சைப் பாசனத்தைச் சீராக்குவதோடு, 3,01,000 ஏக்கர் புதிய நிலத்துக்கும் நீர் தரவேண்டும் என்பது திட்டம். அதற்காகக் கல்லணையிலிருந்து புதிய கால்வாய் வெட்டப்பட்டது. குறுவைக்காக ஜூன் மாதம் 12-ந் தேதி அணை திறப்பது பின்னாளில் வழக்கமாயிற்று. 1937 முதல் அணையில் மின்சாரமும் உற்பத்தியாயிற்று.

நன்மைக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதையும் பார்க்க வேண்டும். நீர் தேங்கும் பரப்பு சுமார் 59 சதுர மைல். அவ்வளவு நிலத்திலும் இருந்த வயல்கள், தோட்டங்கள், வீடுகள், கோயில்கள் நீரில் மூழ்கின. காவேரிபுரம், நாயம்பாடி, பண்ணவாடி முதலிய ஊர்களில் வாழ்ந்தோர் பெயர்ந்து வேற்றிடம் சென்றனர். நீர்மட்டம் மிகவும் குறையும் வருஷங்களில் பண்ணவாடியில் பழைய சிவாலயத்தின் நந்தியும், நாயம்பாடியில் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தலை காட்டுவதை இன்றும் ஜனங்கள் சென்று பார்க்கின்றனர். நிலம் இழந்தோர் சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்காரர். நீர் பெற்றோரிற் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சை ஜில்லாக்காரர். அணைக்கு அருகிலேயே உள்ள வறண்ட பூமிக்கு நீர் தரும் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் நாடு சுதந்திரம் அடைந்தபின், 1955-ல்தான் வந்தன. அவற்றினால் சுமார் 45,000 ஏக்கர் பாசனம் பெற்றது. அணை கட்டி இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்து ஊரார் காத்திருந்தனர். மலைமேல் உள்ள வாழவந்திக்கோ அந்நீர் கண்ணுக்கு விருந்தேயன்றிக் காப்பித் தோட்டத்துக்கு உதவாது. மலைக்கிராமத்தார் தங்கள் ஊற்றையும் ஓடையையும் குளத்தையும் தாங்களே ஒன்றுகூடிக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர்களாகவே இருக்கின்றனர்.

8. கடைசிக் காலம்

ஸ்டான்லியின் காலத்தில் நடந்த மற்றும் சில காரியங்களும் குறிப்பிடத்தக்கவை. 1931-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 2-ந் தேதி சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயிலை அவர் தொடங்கி வைத்தார். 1932-ல் நீலகிரியில் பைகாரா மின்சாரத் திட்டம் வேலை செய்ய ஆரம்பித்தது. 1934-ம் வருஷம் மே மாதம் வைசிராய் வில்லிங்டன் பிரபு ரஜாவில் சென்றபோது ஸ்டான்லி தற்காலிக வைசிராயாக அமர்ந்தார். அந்த மூன்று மாதமும் ஸர் முகம்மது உஸ்மான் சென்னைக்குத் தற்காலிகக் கவர்னராயிருந்தார். இந்தியர் ஒருவர் சென்னையில் அப்பதவியை வகித்தது அதுவே முதல் தடவை. அணைத் திறப்பு ஸ்டான்லி சென்னைக்குத் திரும்பிய சில தினங்களில் நடந்தது. அதே வருஷம் நவம்பர் மாதம் அவர் பதவியை விட்டுத் தாய்நாடு சென்றார்.

அவர் 1938-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி காலமானார். பிரெஸ்டனில் அவரோடு சக அங்கத்தினராயிருந்த டாம் ஷாவும் அதே வருஷம் செப்டம்பர் மாதம் காலமானார். சென்னை ராயபுரத்திலுள்ள பெரிய வைத்தியசாலையும் வைத்தியக் கல்லூரியும் இன்றும் ஸ்டான்லியின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

9. சங்கத்தார் கொள்ள வேண்டிய கருத்துக்கள்

முதலாவது, ஓட்டின் மதிப்பு. வில்ஸ்டன் ஊரில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் ஒரு மந்திரி சபையின் கொள்கையை ஒரு நாளில் கண்டித்தனர். அவர்களிடம் ஓட்டு இருந்தது. அதை உபயோகிக்க வந்தார்கள். ஐக்கிய சங்கத்தில் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அதே பலம் உண்டு. ஆயினும் மகாசபை கூடும் நாளில் ‘நமக்கென்ன’ என்று வயலுக்குப் போய்விடுவோர் பலர். பின்னர்ப் பஞ்சாயத்தார் தங்கள் உறவினருக்கே கடன் கொடுத்தார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து குறை கூறுவதனால் என்ன பயன்? தம் அதிகாரத்தை அங்கத்தினர்கள் கைவிட்ட சங்கத்தில்தான் மேலதிகாரம் வந்து நுழைகிறது. பஞ்சாயத்தாரை மகாசபை திருத்தினால் சங்கம் அங்கத்தினர் கையிலேயே இருக்கும். ரிஜிஸ்திரார் நீக்கினால் அது அவர்கள் கையை விட்டு நீங்கும்.

இரண்டாவது, தோல்வியைத் தாங்கும் முறை. பிரஸிடெண்டு பதவி போய்விட்டால் பங்குத்தொகையைத் திருப்பிக் கேட்பதும், கடன்காரர்களைத் தவணை கட்டாதிருக்கும்படி தூண்டுவதும் சில ஊர்களில் உண்டு. தோற்ற தொகுதியிலேயே ஒன்றரை வருஷம் கழித்து ஜெயித்தவருடைய நடத்தையை இவர்கள் நினைத்தல் தகும்.

மூன்றாவது, பெயருக்கும் உழைப்புக்கும் உள்ள பேதம். திட்டம் வகுத்தவர் ஒருவர், தொடங்கினவர் ஒருவர், கல் சுமந்தோர் ஆயிரவர், ஊர் இழந்தோர் பல்லாயிரவர். பெயர் பெற்றவர் திறந்து வைத்தவர். சங்கத்துக் கட்டடத்தில் கல்வெட்டுப் பொறிக்கும்போதும், வருஷாந்தர அறிக்கை எழுதும்போதும், உழைத்த காரியதரிசியையும், முதலில் பங்கு எடுத்த ஏழை அங்கத்தினர்களையும், நிலம் கொடுத்தவரையும் மறவாமல் குறிப்பிடுதல் முறை.

நான்காவது, நன்மையைப் பங்கிடும் நியாயம். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், நஷ்டமடைந்தவருக்கு என்ன ஈடு என்ற மூன்று கேள்விகளையும் எந்தப் பொதுக் காரியத்தையும் தொடங்குமுன் மகாசபையில் கேட்க வேண்டும். சங்கம் களஞ்சியம் கட்டினாலும், பாதை போட்டாலும், ஓடையைத் திருப்பினாலும் இக்கேள்விகள் பொருந்தும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய கேள்விகள்

1. ஸ்டான்லியை 1923-ல் வில்ஸ்டன் வாக்காளர்கள் எக்காரணத்தினால் தோற்கடித்தனர்? உங்கள் சங்கத்தில் சென்ற மகாசபைக்கு எத்தனை பேர் வந்தனர்? வராதவர் ஏன் வரவில்லை?

2. நெல் விலை பாதியானபோது கடன் ஏன் கனத்தது? நூறு ரூபாய் கடனுக்கு விலை வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டுக.

3. குறுகிய தவணைக் கடனால் கிணறு வெட்டுவதிலுள்ள அபாயம் யாது? நில அடமானக் கடன் அதனின்றும் எவ்வாறு வேறுபடும்?

4. மேட்டூர் அணையால் நன்மை பெற்றோர் யாவர், இழந்தோர் யாவர்? நிலம் இழந்தவருக்கு நீரிலும் பங்கு தருதல் கூடுமா?

5. பஞ்சாயத்தாரை மகாசபை நீக்குவதற்கும் ரிஜிஸ்திரார் நீக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆலோசிக்க. உங்கள் சங்கத்தின் உபவிதிகளை எடுத்து வாசித்து, மகாசபைக்குரிய அதிகாரங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்க.